உல்லன் டீச்சர்

செஞ்சியில் கம்பளிச் சட்டைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். உள்ளூரில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் உட்கார வைத்து மார்பளவு எடுத்துவிடுவாரே என்ற பயம்.

உல்லன் டீச்சர் என்றால் ஊருக்கே ஒருவர்தான் என்று நினைத்துவிட வேண்டாம். திண்டிவனம் ரோட்டில் ஒருவர், திருவண்ணாமலை ரோட்டில் ஒருவர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்னொருவர் என்று தேடினால் அகப்படுவார்கள். எல்லாரும் தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர்கள். தையல், ஓவியம், பாட்டு, விளையாட்டு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு நம் பள்ளிக்கூடங்களில் ‘சிறப்பாசிரியர்’ என்று பெயர். சிறப்பெல்லாம் பெயரோடு சரி. கணக்கு டீச்சர் வந்து “போர்ஷன் முடியல” என்று நின்றால் தையல் பீரியடைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். இப்படிப் பல வருஷம் பாதிப் பின்னலோடு மணி அடித்து எழுந்தவர், ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் பார்க்கிறார்: மணியே இல்லை. காபி குடித்தாயிற்று, பேப்பர் படித்தாயிற்று, மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அன்றைக்குத்தான் தனக்குத் தானே மணி அடித்துக்கொள்ளும் பழக்கம் ஆரம்பிக்கிறது.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். கையில் ஒயர் கூடை. அதிலிருந்து இரண்டு ஊசிகள் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். மேல்மலையனூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பின்னுவார். வளைவில் டிரைவர் பிரேக் போட்டால் நாலு கண்ணி ஊசியை விட்டு நழுவும். டிரைவரின் பரம்பரைக்கே பாட்டு விழும். நூலுருண்டை சீட்டுக்கு அடியில் உருண்டு பின்சீட்டு வரை போய்விட்டால், பஸ்ஸில் இருப்பவர்கள் அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டும். பழகிய கண்டக்டர்கள் டிக்கெட் கிழிக்கும் முன் குனிந்து உருண்டையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

தெருவில் ஒரு பெண் உண்டாகியிருக்கும் செய்தி அவள் புருஷனுக்கு எட்டும் அதே வேளையில் டீச்சருக்கும் எட்டிவிடும். எப்படி என்று கேட்கக் கூடாது. அன்று சாயங்காலமே தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு கணக்குப் போடுவார். வளைகாப்புக்குள் முதுகும் முன்பக்கமும். பிரசவத்துக்குள் கழுத்து. முப்பதாம் நாள் குழந்தை உடம்பில் சட்டை இருக்க வேண்டும். “ஒரு நாள் தள்ளாது” என்று நாலு பேர் காதுபடச் சொல்லிவிடுவார். சட்டை வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கேட்ட வேலைக்குத் தேதி தள்ளிக் கேட்கலாம். கேட்காத வேலைக்கு யாரிடம் போய்த் தவணை கேட்பது?

முதல் இடைஞ்சல் மாமியாரிடமிருந்து வரும்.

“டீச்சரம்மா, பொறக்கறதுக்கு முன்னாடி புதுத்துணி எடுக்கக் கூடாதும்மா. எங்க வூட்ல ஆகாது.”

நியாயம்தான். பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழைய நூல்சேலையில் சுற்றுவதுதான் நம் வழக்கம். தீட்டுக் கழிந்துதான் புதுசு. இதற்கு டீச்சர் ஒரு சட்ட நுணுக்கம் வைத்திருக்கிறார். “துணி எங்க எடுத்தேன்? நூல்தானே எடுத்தேன். ஒரு கை வைக்காம வச்சிருப்பேன். கை வைக்காத வரைக்கும் அது சட்டையே இல்ல.” இந்த வாதத்துக்கு எந்த மாமியாராலும் பதில் சொல்ல முடிந்ததில்லை. சாஸ்திரமும் பிழைத்தது, தேதி தள்ளிப்போனால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் கிடைத்தது.

இரண்டாவது இடைஞ்சல் நிறம். பெண்ணுக்கு ரோஸ், பையனுக்கு நீலம் என்ற வெளிநாட்டு ஏற்பாடு இங்கே செல்லாது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேன் பார்த்துச் சொல்வது 1994-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். நல்ல சட்டம், டீச்சருக்கும் அதில் முழுச் சம்மதம். ஆனால் இரண்டு கலர் சட்டை என்று முடிவு செய்துவிட்டால் விழுப்புரம் மாவட்டத்தில் வேறு ஒரு ஸ்கேன் நடக்கும். கறுப்பும் சிவப்பும் எடுத்தால் தி.மு.க. கொடி. நீலமும் சிவப்பும் வைத்தால் விடுதலைச் சிறுத்தைகள். அதோடு நடுவில் மஞ்சள் சேர்த்தால் பா.ம.க. காவியும் பச்சையும் பா.ஜ.க. சரி, சிவப்பும் மஞ்சளுமாவது பொதுவாக இருக்கட்டும் என்றால் 2024-இல் அதையும் விஜய் தன் கட்சிக்கு எடுத்துக்கொண்டார். டீச்சர் எந்த இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிடித்தாலும் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து “இன்னா டீச்சர், எந்தக் கூட்டணி?” என்று குரல் வருகிறது. கடைசியில் காபிப்பொடி நிறமும் பால் வெள்ளையும் என்று தீர்மானமாயிற்று. இதை எழுதும் வரை எந்தக் கட்சியும் அதற்கு உரிமை கோரவில்லை.

ஊசி நீலகிரி, கேத்தியில் இருக்கிற ஊசித் தொழிற்சாலையில் செய்தது. நூல் லூதியானாவிலிருந்து வந்த அக்ரிலிக். ஊசி செய்த ஊர் குளிர், நூல் செய்த ஊரும் குளிர்காலத்தில் நல்ல குளிர். சட்டை போட்டுக்கொள்ளப் போகிற ஊர் செஞ்சி. மூன்று பக்கமும் மூன்று மலை, மூன்றும் பாறை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி வரை திருப்பிக் கக்கிக்கொண்டிருக்கும். மார்கழியில் கொஞ்சம் பனி இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரு மங்கி கேப் போதும்.

இதில் இரண்டு கலர் பின்னல் இருக்கிறதே, அது ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடல் நடுவில் கிடக்கும் ஃபேர் ஐல் என்ற தீவின் பெயரால் உலகம் முழுக்கத் தெரிந்த வேலை. 1920-களில் இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் கோல்ஃப் ஆடும்போது அதைப் போட்டுக்கொண்டதும் ஊரெல்லாம் ஃபேஷன் ஆகிவிட்டது. ஒரே வரிசையில் இரண்டு நூலையும் கூடவே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு நிறம் முன்னால் கண்ணியாகத் தெரியும்போது மற்றது பின்பக்கம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே துணி இரட்டைக் கனம், சூடும் இரட்டிப்பு. வடகடல் காற்றில் மீன் பிடிக்கப் போகிறவனுக்காக ஏற்பட்ட உபாயம் அது. அதைத்தான் டீச்சர் செஞ்சி ராஜகிரி மலை அடிவாரத்துக் குழந்தைக்குச் சிபாரிசு செய்கிறார்.

பின்பக்கம் ஓடும் அந்த நூலில்தான் கைக்காரியின் திறமை. இழுத்துப் பிடித்தால் சட்டை சுருங்கும். தளர விட்டால் குழந்தையின் விரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும். நாலைந்து கண்ணிக்கு மேல் ஓடவிடாமல் நடுவில் ஒரு முறுக்குப் போட்டு நூலை நூலோடு பிடித்து வைக்க வேண்டும். டீச்சர் முடித்த பாகத்தை உள்வெளியாகத் திருப்பி, தன் சுண்டுவிரலை ஒவ்வோர் இடமாக வைத்து இழுத்துப் பார்ப்பார். எங்கேயாவது நூல் விரலில் மாட்டினால் போயிற்று, அந்த வரிசை வரை பிரித்துவிடுவார். ராத்திரி பத்து மணிக்கும் பிரிப்பார். இந்த ஓர் இடத்தில் எனக்கு அவர்மேல் சிரிப்பு வருவதில்லை.

டிசைன் விஷயத்தில் வந்துவிடும். பின்னல் புத்தகங்களில் இருப்பதெல்லாம் பனிப்பூவும் கலைமானும். “நம்ம ஊர்ல பனி எங்க இருக்கு?” என்று டீச்சர் அதைத் தள்ளிவிட்டார். பனி இல்லாத ஊரில் கம்பளி எதற்கு என்ற கேள்வி இதிலேயே ஒளிந்திருப்பது அவர் கண்ணில் படவில்லை. செஞ்சிக் குழந்தைக்குத் தேசிங்கு ராஜா குதிரைதான் என்று கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்தார். தாளில் அருமையான குதிரை. காலைத் தூக்கிப் பாய்கிறது. பின்னி முடித்ததும் பார்த்தால் கால்கள் பாதியாகக் குறைந்து வயிறு தரையைத் தொடுகிறது. காரணம் சின்னதுதான். கிராஃப் தாளின் கட்டம் சரிசதுரம். பின்னலில் ஒரு கண்ணிக்கு உயரத்தைவிட அகலம் அதிகம். தாளில் நிமிர்ந்து நிற்பது கம்பளியில் குந்திவிடும்.

“டீச்சர், ஆட்டுக்குட்டி அம்சமா இருக்கு.”

“அது குதிரை.”

“ஓ... அப்ப மேல குந்திருக்கறது?”

“அது சேணம்.”

1714-இல் செஞ்சியில் பட்டத்துக்கு வந்து, அதே வருஷம் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு நடந்த போரில் மாண்டுபோனவர் தேசிங்கு. ஒரு வருஷம்கூட ஆளவில்லை. அந்தக் கால அளவு டீச்சருக்கு ஒரு முன்பக்கத்துக்கே போதாது. குதிரையை மறுபடி பிரித்து, கட்டத்தை நீட்டி வரைந்து, இரண்டாம் முறை பின்னியதில் ஏறக்குறைய கழுதை வரை தேறிவிட்டது.

வளைகாப்பு வந்தது. முதுகு மட்டும் ஆகியிருந்தது. பிரசவத்துக்குச் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. டீச்சருக்கு மகா வருத்தம். “ஒரு தேதி சொன்னா தேதிக்கு வரணும்னு ஒரு ஒழுங்கு வேணாமா?” என்று பிறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத பையன்மேல் குற்றப்பத்திரிகை வாசித்தார். முப்பதாம் நாளும் வந்து போயிற்று. இடையில் எத்தனையோ. அஷ்டமி நவமியில் கழுத்து ஆரம்பிக்க மாட்டார். அமாவாசை வந்தால் மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிற சொந்தக்காரர்கள் கும்பலாக அவர் வீட்டில்தான் இறங்குவார்கள். இரண்டு நாள் ஊசிக்கு ஓய்வு, அடுப்புக்கு ஓய்வில்லை.

இந்த ஊருக்கே அப்படி ஒரு ராசியோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க வந்து முற்றுகை போட்டார். பேரரசர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். உதவிக்கென்று சுல்பிகாரின் அப்பா அசத் கானும் இளவரசர் காம் பக்ஷும் வந்து சேர்ந்தார்கள். உதவி வந்ததும் வேலை இன்னும் கெட்டது. இளவரசர் மராட்டியரோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து அவரையே பிடித்துக் காவலில் வைக்கும்படி ஆயிற்று. கோட்டை விழ 1698 ஆனது. உள்ளே போய்ப் பார்த்தால், யாரைப் பிடிக்க வந்தார்களோ அந்த மராட்டிய மன்னர் ராஜாராம் முன்னமே நழுவியாயிற்று.

டீச்சருக்கும் உதவி வந்தது. வந்தவாசியிலிருந்து அண்ணன் மகள் லீவுக்கு வந்தாள். “அத்தை, ஒரு கை நான் போடறேன்” என்றாள். அவள் கை இறுக்கம், டீச்சர் கை தளர்வு. ஒரே ஊசி, ஒரே நூல், அதே கண்ணிக் கணக்கு. ஆனாலும் இடது கை குழந்தைக்கு, வலது கை குழந்தையின் அப்பாவுக்கு என்று வந்து நின்றது. இரண்டு நாள் அத்தைக்கும் மருமகளுக்கும் பேச்சு இல்லை. அவள் ஊருக்குப் பஸ் ஏறியதும் அந்தக் கையைப் பிரித்தார்.

ஒருவழியாகச் சட்டை முடிந்தது. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து நாலாம் நாள். டீச்சர் அதைத் தோய்த்து, துண்டில் பரப்பி நிழலில் உலர்த்தி, பட்டுப்புடவைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்க. மின்விசிறி வெந்நீர்க் காற்றை இறைத்துக்கொண்டிருந்தது. பத்து மாதப் பையன் இடுப்பில் வெறும் அரைஞாணோடு தவழ்ந்து வந்தான். பெட்டியைத் திறந்ததும் அவன் பாட்டி விசிறியை நிறுத்திவிட்டு அருகில் வந்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: அழகு என்றால் அப்படி ஓர் அழகு. காபிப்பொடி நிறத்தில் வெள்ளைக் குதிரைகள் மார்பைச் சுற்றி வரிசை கட்டிப் போயின. உள்வெளியாகத் திருப்பினால் முன்பக்கமா பின்பக்கமா என்று சந்தேகம் வரும்; அத்தனை சுத்தம். அந்த வீட்டில் ஒரு நிமிஷம் யாரும் வெயிலைப் பற்றிப் பேசவில்லை.

அப்புறம் போட்டுப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது. பிறக்கும்போது மொத்த நீளத்தில் கால்வாசி தலையே இருக்கும். அதற்காகத்தான் தோளில் ஓரமாகத் திறந்து இரண்டு பொத்தான் வைப்பது. பொத்தான் வைத்தால் ஒரு குதிரைக்குக் கழுத்து போய்விடும் என்று டீச்சர் அதை விட்டிருந்தார். முப்பதாம் நாளுக்கென்று குறித்த கழுத்து பத்தாம் மாதத் தலையின் நெற்றியோடு நின்றுவிட்டது. பையன் உள்ளே இருட்டில் அலறினான். வெளியே எடுத்ததும் குதிரைகளைப் பார்த்து “பௌ பௌ” என்றான்.

“போவட்டும் டீச்சர், ஷோகேஸ்ல வச்சுக்கறோம்” என்றாள் அவன் அம்மா, பயபக்தியோடு.

டீச்சர் அதைக் காதில் வாங்கவே இல்லை. பையனின் சுருள்முடிக்குள் விரலை விட்டு அளைந்து பார்த்தார். எத்தனை கனம் இருக்கும் என்று மனசுக்குள் கணக்கு ஓடியது தெரிந்தது.

“ஒரு வயசுக்கு மேல்மலையனூர்ல மொட்டை போடறீங்க இல்ல?”

“ஆமா டீச்சர், ஆடியில.”

“போட்டுட்டு வந்து மாட்டிப் பாருங்க. எறங்கிடும்.”