பெயர் சூட்டு விழா

கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற பந்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர்கள் அமெரிக்கர்கள். பெயர் சூட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பந்தோடு ஓடுகிற ஏழைப் பையனுக்குக் கல்லூரிகள் வைத்திருக்கும் பெயர் இன்னும் அழகு: 'மாணவ வீரன்'. முதலில் மாணவன், அப்புறம்தான் வீரன். கேட்கும்போதே சரஸ்வதி கடாட்சம் சொட்டுகிறது.

பெயர் பிறந்த கதையைக் கேளுங்கள். 1955ல் கொலராடோவில் ரே டென்னிசன் என்ற இளைஞர், கல்லூரி அணிக்காக ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் செத்த தொழிலாளியின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். இப்படிப்பட்ட வழக்குகளைக் கண்டு, கல்லூரி விளையாட்டை ஆளும் சங்கமான என்.சி.ஏ.ஏ.வுக்குக் குளிர்ஜுரம் கண்டது. ஆடுகிறவன் தொழிலாளி என்று ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டால் உடைகிற எலும்புக்கெல்லாம் கணக்குத் தீர்க்க வேண்டுமே! அந்த ஜுரத்தில் பிதற்றிய வார்த்தைதான் 'மாணவ வீரன்'. இது என் கற்பனை இல்லை. சங்கத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய வால்டர் பையர்ஸே ஓய்வுபெற்ற பிறகு 1995ல் புத்தகம் எழுதி ஒப்புக்கொண்டது. டென்னிசனின் மனைவி கேட்ட இழப்பீட்டை 1957ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லையாம்.

வியாபாரம் இல்லை, வித்யாதானம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் ஊர் மரியாதை. அங்கே தானம் கொடுப்பவர்தான் வாங்குபவனின் பல்லைப் பார்க்கிறார். ஏழைக் கறுப்பினக் குடும்பத்தின் கூடத்தில் பயிற்சியாளர் வந்து உட்காருகிறார். பாட்டி வைத்த பலகாரத்தைப் புகழ்ந்துகொண்டே பையனின் தோளகலத்தைக் கண்ணால் அளக்கிறார். நாற்பது கெஜத்தை எத்தனை நொடியில் கடப்பான் என்பது அவருக்கு முன்பே தெரியும். "உங்கள் பேரன் பட்டதாரி ஆவான், நான் பொறுப்பு" என்கிறார். பாட்டியின் கண் நிறைகிறது.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 1973 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், ஆட்டத்துக்காகக் கல்லூரி தந்த படிப்பு உதவித்தொகையின் ஆயுள் ஒரே ஒரு வருடம். ஆண்டுக்காண்டு புதுப்பித்தால்தான் அடுத்த வருடப் படிப்பு. பையனின் முட்டி பெயர்ந்தால் மாணவன் என்ற பெயரும் பெயர்ந்துவிடலாம். பொறுப்பேற்ற மகானுக்கு அந்த நிலையாமை கிடையாது. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வெளியே அனுப்பியது. இனி வேலை செய்யாமல் இருப்பதற்கு அவருக்குப் பேசப்பட்ட தொகை ஏறத்தாழ 7.6 கோடி டாலர். இதற்குப் பெயர் ஒப்பந்த மரியாதை.

சரி, பையனுக்குக் கூலி பணமில்லை, கல்வி. அந்தக் கூலியை எப்படி எண்ணிக் கொடுத்தார்கள்?

ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் இருந்த டெக்ஸ்டர் மான்லி, 1989ல் அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து, தனக்குப் படிக்கத் தெரியாமலே கல்லூரியைக் கடந்து வந்ததாகச் சொல்லி அழுதார். சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை பேய் வகுப்புகள் நடந்தன. ஆசிரியர் வர மாட்டார், மாணவனும் வர வேண்டாம். ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அலுவலக நிர்வாகியே அதைத் திருத்தித் தாராள மதிப்பெண் போடுவார். அந்த வகுப்புகளில் சேர்ந்தவர்கள் 3,100 பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். விசாரித்த சங்கம் 2017ல் பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை எதுவும் இல்லையென்று கோப்பை மூடியது. மற்ற மாணவர்களும் அதே வகுப்பில் சேர முடிந்ததால் வீரர்களுக்கென்று தனிச் சலுகை இல்லையாம். ஊருக்கே கலப்படப் பால் ஊற்றினால் அது கலப்படமில்லை!

இவர்கள் கண்டிப்பே இல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வீரனுக்குச் சிற்றுண்டியாக பேகல் ரொட்டி கொடுக்கலாம், ஆனால் அதில் க்ரீம் சீஸ் தடவினால் விதிமீறல் என்று சட்டம் வைத்திருந்த காலம் உண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக வீரர்கள் ஐந்து பேர் தாங்கள் வென்ற மோதிரம் முதலானவற்றை விற்றதற்கும், பச்சை குத்திக்கொள்ளச் சலுகை வாங்கியதற்கும் 2010 டிசம்பரில் தண்டனை வந்தது. ஐந்து ஆட்டங்களுக்குத் தடை. பதினெட்டு வருடம் படிப்பைத் திருடினால் கோப்பு மூடப்படும். சொந்த மோதிரத்தை விற்றால் கதவு மூடப்படும்.

உச்சக்கட்டம், சங்கத்தின் மேல் வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கு. அதில் அவர்கள் வென்றது சம்பளம் அல்ல. கணினி, இசைக்கருவி, மேற்படிப்புக்கு உதவித்தொகை போன்ற படிப்பு சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு கட்டாதீர்கள் என்ற தீர்ப்புதான். கல்விதான் கூலி என்று ஊரெல்லாம் முழங்கிய சங்கம், கல்வியைக் கூட்டிக் கொடுக்க மாட்டேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போய்ப் புரண்டது. 2021 ஜூனில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அதைத் திருப்பி அனுப்பினார்கள்.

"நிஜமாகவே படித்து முன்னேறியவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைரான் ரோல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். படிப்பில் இத்தனை ஆசை உள்ளவனுக்கு ஆட்டத்தில் மனம் இருக்குமா என்று தொழில்முறை அணிகள் முகம் சுளித்தன. 2010ல் நடந்த வீரர் தேர்வில் ஆறாவது சுற்றில்தான் ஓர் அணி அவரை எடுத்தது. படித்தது, சந்தை அவரிடம் கண்ட குறை! இன்று அவர் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். எந்த உறுப்பை அந்த ஆட்டம் மோதி மோதிச் சிதைக்கிறதோ அதைச் செப்பனிடும் வேலை. கல்லூரிகளின் விளம்பரப் படத்துக்கு இவர் ஒருவர் போதும். படத்தில் இடம்பெறாதவர்களை யார் எண்ணுகிறார்கள்?

இப்போது காற்று மாறியிருக்கிறது. 2021 ஜூலை முதல் வீரன் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025ல் நீதிமன்றம் ஒப்புதல் தந்த வழக்குச் சமரசத்தின்படி, ஒரு கல்லூரி முதல் ஆண்டில் தன் வீரர்களுக்கு 2.05 கோடி டாலர் வரை பங்கு கொடுக்கலாம் என்று ஆனது. நட்சத்திரங்களின் வீட்டு வாசலில் புதுக் கார் நிற்கிறது. முன்வரிசையில் தலையோடு தலை முட்டும் பையனுக்கு என்ன மிஞ்சும் என்பது வேறு கதை. அதே கையோடு, இவர்கள் ஊழியர்கள் இல்லை என்று சட்டமே போட்டுத் தாருங்கள் என்று சங்கம் நாடாளுமன்றத்தின் வாசலில் நிற்கிறது.

அமெச்சூர், மாணவ வீரன், குடும்பத்தில் ஒருவன் என்று எழுபது வருடமாக அந்தப் பையனுக்குப் பெயர் மேல் பெயர் சூட்டிவிட்டார்கள். எதற்கும் காசு செலவில்லை. தொழிலாளி என்று கூப்பிட்டால் மட்டும், அவன் தலை உடைகிற நாளில் யாராவது பணம் கட்ட வேண்டியிருக்கும்.