பார்மட் அண்ணன்

புத்தூரில் பார்மட் அண்ணன் இல்லாத தெருவைக் காண்பது அரிது. கணினி மெதுவாக ஓடினாலும், பிரிண்டர் தாளை இழுக்க மறுத்தாலும், உள்ளிருக்கும் விசிறி இரைந்தாலும் அவர் எழுதித்தரும் மருந்து ஒன்றே: ஹார்ட் டிஸ்கைப் பார்மட் செய்வது, அதாவது எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று காட்டும் பழைய அட்டவணையைத் தள்ளிவிட்டு வெற்று அட்டவணை ஒன்றை எழுதுவது. முறிந்த எலும்பைக் கட்டிக்கொள்ளச் சென்னையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து இறங்கும் ஊர் இது. முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் அப்பி மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் வைத்தியர்கூட, எங்கே பிசகியிருக்கிறது என்று முதலில் விரலால் தடவிப் பார்க்கிறாரே தவிர, வந்தவரிடம் காலை எடுத்துவிடலாம் என்று சொல்வதில்லை. அண்ணன் அந்த மரபில் வந்தவர் அல்லர்.

ஒத்துழைக்கும் டிஸ்கைப் பார்மட் செய்ய அண்ணன் தேவையில்லை. முரண்டு பிடிக்கும் டிஸ்கின் முன்னால்தான் அவருடைய தனித்தன்மை முழுமையாக வெளிப்படுகிறது. பிழைச் செய்தி திரையில் எழும்பும். வீட்டுக்காரர் முதல் சொல்லை எழுத்துக்கூட்டுவதற்குள் அண்ணன் 'ஓகே'யை அழுத்தியிருப்பார். "என்னமோ போட்டிருந்ததே அண்ணா?" என்று கேட்டால், "அது சும்மா வரும்மா, ஏமீ காது" என்று தமிழிலும் தெலுங்கிலும் ஆறுதல் கூறிவிட்டு, அதே பொத்தானை மறுபடி அழுத்துவார். அதே செய்தி வரும். அதே வேகத்தில் போகும். கணினி சலிப்படையாத இயந்திரம் என்பதை நிரூபிப்பதுபோல இந்த உரையாடல் காபி ஆறும்வரை நீடிக்கும்.

இத்தனைக்கும் அந்தச் செய்திகள் புதிர் போடுவதில்லை. டிஸ்க் எழுத்துப் பாதுகாப்பில் இருக்கிறது என்று ஒன்று அறிவிக்கிறது. கேமராவின் மெமரி கார்டைச் செருகும் அடாப்டரின் பக்கவாட்டில் நகக்கண் அளவில் ஒரு சிறு தள்ளுபொத்தான் உண்டு, அது கீழே இறங்கியிருந்தால் கார்டில் எதையும் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அதை மேலே தள்ளினால் போதும். அண்ணனோ அந்தக் கார்டை மூன்று கணினிகளில் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்து, கார்டு டூப்ளிகேட் என்று தீர்ப்பளிப்பார். இன்னொரு செய்தி, டிஸ்கைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிரல்களை மூடிவிட்டு மீண்டும் முயலுமாறு பணிவாகவே கேட்டுக்கொள்கிறது. பென்டிரைவ் வேலை செய்கிறதா என்று சோதிக்க அண்ணனே அதிலிருந்து போட்டுவிட்ட சினிமாப் பாட்டு அப்போதும் ஸ்பீக்கரில் ஒலித்துக்கொண்டிருக்கும். அவர் தாளம் தட்டிக்கொண்டே 'ஓகே'யை அழுத்துவார்.

சில இடங்களில் குற்றம் அவருடையதன்று என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். பழைய டிவிக்குப் பிடித்த ஃபேட்32 என்ற கோப்பமைப்பு முறையில் 64 ஜிபி பென்டிரைவைப் பார்மட் செய்ய விண்டோஸின் வழக்கமான பெட்டி இடமே தராது. 32 ஜிபிக்கு மேல் அந்தத் தேர்வு பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். ஃபேட்32க்கு இயல்பில் அப்படியோர் எல்லை கிடையாது. 1990களில் அந்தப் பெட்டியை எழுதிய மைக்ரோசாப்ட் பொறியாளர் டேவ் பிளம்மர், தற்காலிக ஏற்பாடாகத் தாமே வைத்த வரம்பு அது என்று பிற்காலத்தில் கூறியிருக்கிறார். உலகமே அந்தத் தற்காலிகத்தைச் சகித்துக்கொண்டபோது, புத்தூர் அண்ணன் மட்டும் எவ்வாறு தப்ப முடியும்?

தப்ப வேண்டிய இடம் வேறு. விசைத்தறிக்கூடத்தின் கணக்கைச் சுமக்கும் டிஸ்க் 'கட்கட்' என்று ஒலிக்கத் தொடங்குகிறது. பழுதான பகுதிகளுக்கு ஈடாக டிஸ்க் தனக்குள் மறைத்து வைத்திருக்கும் உதிரி இடங்களும் தீர்ந்து வரும்போது, பார்மட் பாதி வழியில் நின்று, முடிக்க இயலவில்லை என்ற செய்தி வருகிறது. அது எச்சரிக்கை, கையை எடுத்துவிட்டு, உள்ளதைப் பிரதி எடுக்க வேண்டிய நேரம். அண்ணனோ, "நல்லா சுத்தமாகட்டும்" என்று 'குயிக் பார்மட்' கட்டத்திலுள்ள டிக்கை நீக்கிவிடுகிறார். குயிக் பார்மட் அட்டவணையை மட்டுமே மாற்றுவதால், அதன்பின் வேறெதையும் எழுதாத ஹார்ட் டிஸ்கிலிருந்து பெரும்பாலானவற்றை மீட்க வாய்ப்புண்டு. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு பார்மட் என்பதோ டிஸ்க் முழுவதிலும் பூஜ்ஜியத்தை எழுதிக்கொண்டு போவது. பூஜ்ஜியம் எழுதப்பட்ட இடத்திலிருந்து ஜிஎஸ்டி கணக்கை மீட்கும் மென்பொருள் எதுவும் கிடையாது. "காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்ற ஒரு கேள்வியை அவர் முன்கூட்டியே கேட்டிருக்கலாம். கேட்பதில்லை. ஒருமுறையேனும் கேட்டதில்லை. பச்சை நிறப் பட்டை பாதி தாண்டியபின், "இதுல ஏதாவது முக்கியமா இருந்ததா அக்கா?" என்று கேட்கிறார்.

ஆயினும் அவரை யாரும் விரட்டுவதில்லை; கூலி என்று காபிக்கு மேல் வாங்குவதில்லை, இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவருடன் வந்து நிற்கிறார். கணக்கு தொலைந்த வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே வந்து, பில் புத்தகங்களைப் புரட்டி ஒவ்வொரு தொகையாக அவர் வாசிக்க, அக்கா புதிய டிஸ்கில் ஏற்றிக்கொண்டே வருவார். நடுவில் கணக்கு மென்பொருளான டேலி சற்றே தயங்கி நின்றால், அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "டிஸ்க் புதுசுதான், இருந்தாலும் ஒரு தடவை..." என்று நாற்காலியை முன்னால் இழுப்பார்.