குடமின்மைக் கோட்பாடு: ஏக்கத் தொடர்களில் பதின்பருவம், தாம்பரத்தை முன்வைத்து

ஆய்வுக்கு நோக்கம், எல்லை, கருதுகோள் மூன்றும் வேண்டும் என்பது மரபு. நோக்கம், ஆய்வு செய்வது. எல்லை, வடக்கே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, தெற்கே பெருங்களத்தூர், கிழக்கே கேம்ப் ரோடு, மேற்கே முடிச்சூரில் மழைத்தண்ணீர் எதுவரை நிற்கிறதோ அதுவரை. கருதுகோள் கட்டுரை முடிந்தபின் எழுதிச் சேர்க்கப்படும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பழைய பத்தாண்டு ஒன்றில் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்று காட்டிச் சிரிக்கவும் கண்ணைத் துடைக்கவும் வைப்பது ஏக்கத் தொடர். 1974-இல் வந்த ‘ஹேப்பி டேஸ்’ ஐம்பதுகளைக் காட்டியது. 1988-இல் வந்த ‘தி வொண்டர் இயர்ஸ்’ 1968-இல் தொடங்கியது. 1998-இல் வந்த ‘தட் செவன்டீஸ் ஷோ’ 1976-க்குப் போனது. நம் நாட்டில் 2018-இல் வந்த ‘யே மேரி ஃபேமிலி’ 1998-ஆம் வருஷத்து ஜெய்ப்பூரின் கோடை விடுமுறைக்குப் போனது. ஆக, இடைவெளி சுமார் இருபது வருஷம். பதினைந்து வயதில் அப்பாவிடம் அடி வாங்கியவர் முப்பத்தைந்தில் இயக்குநர் நாற்காலியில் உட்கார அவ்வளவு நாள் பிடிக்கிறது (எங்கள் தெரு அயர்ன்காரர், வாய்மொழி). இதற்கு எனக்கு ஒரு வரி போதும். பல்கலைக்கழகத்தில் ஓர் இயல் ஆகும்.

இனி வகைப்பாடு.

காதல்: இருந்தது.

கல்வி: டியூஷன் வாசலில் நின்ற சைக்கிள்களே சான்று.

இசை: கேசட்டுக்குள் பென்சிலை விட்டுச் சுற்றும் காட்சி இல்லாமல் தொண்ணூறுகளைப் படமெடுக்க அனுமதி கிடையாது போலும். கேசட் சக்கரத்துக்கு ஆறு பல், பென்சிலுக்கு ஆறு பட்டை, பொருந்தும். ஆனால் நிஜத்தில் பென்சில் தேடிக்கொண்டு வருவதற்குள் தம்பி சுண்டுவிரலை விட்டு நாடாவை அறுத்திருப்பான்.

வாகனம்: ‘தட் செவன்டீஸ் ஷோ’ நாயகனுக்கு முதல் எபிசோடிலேயே அப்பாவின் கார் கிடைக்கிறது. நமக்குக் கிடைத்தது 1931-இல் தொடங்கி 2004-இல் ஓய்ந்த பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில். அதன் வாசலில் தொங்கியதைச் சிலர் வீரம் என்பர். உள்ளே இடமில்லை என்பதே எம் துணிபு (ஒப்புநோக்குக: பெரியம்மா, வாய்மொழி, ஞாயிறு, பூரிக்கு முன், பூரிக்குப் பின் இதே கருத்தை மறுக்கிறார்).

இடம்: அதே தொடரில் நாலு வருஷம்கூட ஆகாத கதையை 200 எபிசோடுக்கு இழுத்தபோது, பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டு நிலவறை சோபாவில்தான் சாய்ந்து கிடந்தார்கள். சிட்லபாக்கத்தில் நிலவறை தோண்டினால் ஏரி வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்ளும். எனவே மொட்டைமாடி.

குடம்: ஈண்டுதான் ஆய்வு தொடங்குகிறது. என் கண்ணில் பட்டவரை, மேற்சொன்ன தொடர்கள் எதிலும் ஒரு பிள்ளைகூடத் தண்ணீர்க் குடம் தூக்கவில்லை. இதையே குடமின்மை என்கிறோம். அமெரிக்காவை மன்னிக்கலாம். ஆனால் தமிழில் தொண்ணூறுகளை நினைத்து உருகுகிறவர்களும் கமர்கட்டு, பம்பரம், ‘ஒளியும் ஒலியும்’ என்று வரிசையாக எடுத்து வைப்பார்களே தவிர, குடத்தை எடுக்க மாட்டார்கள். மெட்ரோவாட்டர் குழாய் மாநகர எல்லையோடு நின்றுவிட்ட காலம் அது. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரைக் கெடுத்திருந்தன. பாலாற்றுத் தண்ணீர் வந்தால் உண்டு. இல்லாவிட்டால் அடிபம்பு, லாரி.

லாரி விடியற்காலையில் வரும் என்றால் முதல் நாள் ராத்திரியே வரிசை உருவாகிவிடும். வரிசையில் மனிதர்கள் நிற்பதில்லை. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள் நிற்கும். கழுத்தில் கயிறு சுற்றிக் கரண்டு கம்பத்தில் கட்டியிருப்பார்கள். குடம் பற்றாதவர்கள் செங்கல் வைப்பார்கள். செங்கலுக்கு வரிசையில் உரிமை உண்டா என்பதில் அறிஞர்கள் இரு கட்சி. உண்டு என்போர் செங்கல் வைத்தவர்கள், இல்லை என்போர் பின்னால் நின்றவர்கள் (பரண் ஆவணம், தகரப் பெட்டி, பால்கணக்கு நோட்டு, பின் அட்டை, பென்சில் குறிப்பு, ஓரம் கரையான் அரித்தது, கரையானின் நிலைப்பாடு தெளிவாக இல்லை).

ஹஸ்தினாபுரத்தில் நடந்த ஓர் உரையாடல் இவ்விவாதத்தின் மூலபாடம்:

“யாரும்மா இந்தச் செங்கல்?”

“எங்க அக்கா, ஆன்ட்டி.”

“உங்க அக்கா காலேஜ் போயிட்டாளே?”

“அதான் இங்க நிக்கிறா.”

கவனிக்க, செங்கல் அக்காவுக்கு அடையாளம் அன்று, செங்கலே அக்கா. அந்த ஆண்டுகளில் நம் சிற்றிதழ்கள் அமைப்பியல், பின்னமைப்பியல் என்று பக்கம் பக்கமாக முழங்கிக்கொண்டிருந்தன. ஒன்பதாம் வகுப்புப் பெண் இடுப்பில் குடத்தோடு அதை முடித்துவைத்துவிட்டாள். அவளுக்கு யாரும் முனைவர் பட்டம் தரவில்லை, மூன்று குடம் தண்ணீர் கிடைத்தது (அதே ஆன்ட்டி, நேர்காணல், இரண்டாம் அமர்வு, குக்கர் நான்காம் விசிலில் நிறுத்தப்பட்டது, ஐந்தாம் விசிலுக்குப் பின் சொன்னவை சாம்பார் பற்றியன, ஆயினும் முழுமை கருதிப் பாதுகாக்கப்பட்டுள்ளன).

பையன்களும் தூக்கினார்கள், மறுக்கவில்லை. சைக்கிள் கேரியரில் இருபுறமும் கட்டித் தொங்கவிட்டு, டியூஷனில் உடன் படிக்கும் பெண் பார்த்துவிடக் கூடாதே என்று சுற்றுவழியில் போனார்கள். சுற்றுவழியில் அவளும் குடத்தோடு வந்தாள். காதல் பற்றிய மேற்படி ஒரு வரிக்கு இதுவே விரிவுரை என்க.

தொடர்களில் குடம் ஏன் இல்லை? எடுத்தவர்கள் பெரும்பாலும் தம்பிகள். அவர்கள் மாடியில் பாட்டுக் கேட்ட நேரத்தில் கீழே அக்கா தண்ணீர் பிடித்தாள். அக்கா இன்னும் தொடர் எடுக்கவில்லை. எடுத்தால் முதல் எபிசோடு முழுக்க லாரிக்குக் காத்திருப்பது. லாரி இரண்டாவதில் வரும். மூன்றாவதில் அவள் முறை வரும்போது தண்ணீர் தீர்ந்துவிடும். சிரிப்பொலி எங்கே சேர்ப்பது என்று தயாரிப்பாளர் கேட்பார்.

குடத்துக்குப் பதில் ஒற்றைச் செருப்பு வைக்கலாமா என்பது மேலாய்வுக்குரியது. இக்கட்டுரையை ஒருநாள் பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்க ஐந்து நிமிஷம் தந்திருக்கிறார்கள். பன்னாட்டுக்குச் சான்றாக ஒருவர் சிங்கப்பூரிலிருந்து காணொலியில் வருவார். ஐ.எஸ்.எஸ்.என். எண்ணுக்குத் தனிக் கட்டணம். மதியச் சாப்பாடு உண்டு, தண்ணீர் பாட்டிலை நாமே கொண்டுபோக வேண்டுமாம்.