நிமிடத்துக்கு இரண்டு சொல்

எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பெயர் வேண்டாம், விளம்பரம் என்று நினைத்து ஃபீஸை ஏற்றிவிடுவார்கள். என் தங்கை மகன் அங்கே மூன்றாம் வகுப்பு. தாய்மாமன் என்ற முறையில் சீர் செய்ததோடு என் வேலை முடிந்தது என்றிருந்தேன். ஒருநாள் பையனின் டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி வந்தது. ‘ரீடிங் வரவில்லை. பெற்றோர் வந்து பார்க்கவும்.’ அதற்குக் கீழே, ‘இதை மாணவன் வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டும்’ என்று ரப்பர் ஸ்டாம்பு. அவன் அப்பா துபாயில் இருக்கிறார். நான் போனேன்.

தலைமையாசிரியை அம்மாள் நல்ல மாதிரி. “பையன் கெட்டிக்காரன் சார். கேட்டா எல்லாம் வாயால சொல்லிடறான். புக்கைத் திறந்தாத்தான் ஒண்ணும் வரல. வீட்ல கொஞ்சம் ஸ்ட்ரிக்டா இருங்க” என்றார்.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர் பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்வழியே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்று அவனுடைய வாத்தியாரே சொன்னதாக அதில் இருக்கிறது. அம்மாளும் அதையேதான் சொல்கிறார். அந்தப் பக்கத்து டாக்டருக்கு இது மூளை எழுத்தைக் கையாளும் விதத்தில் உள்ள சிக்கல் என்று பட்டது. இந்தப் பக்கத்து அம்மாளுக்கு இது வீட்டில் அடி போதாத குறை என்று படுகிறது. நம் நாட்டில் 1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன, இது இல்லை. 2016 சட்டத்தில் பட்டியல் 21 ஆனபோதுதான் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. தில்லியிலிருந்து எங்கள் ஊருக்கு அந்தச் சட்டம் நடந்தே வருகிறது போல. வழியில் எங்கோ மோர் குடித்துக்கொண்டிருக்கும்.

அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டைப் பள்ளிகளே எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்பக் கற்றுத்தர வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்திலும் ஒரு 16ஆம் பிரிவு உண்டு. எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்பக் கூடாது என்கிறது அது. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கிறார்கள் நம் பிள்ளைகள். வெளியே அனுப்பக் கூடாது என்பதால் யாரும் அனுப்புவதில்லை. “பையனுக்கு ஏத்த மாதிரி வேற ஸ்கூல் பாத்துக்குங்க. டி.சி. வேணும்னு நீங்களே ஒரு லெட்டர் குடுத்துடுங்க” என்று காபி கொடுத்துச் சொல்கிறார்கள். சட்டத்துக்கும் கீறல் விழாது, பத்தாம் வகுப்பு ஃப்ளெக்ஸ் பேனருக்கும் கீறல் விழாது.

ஐந்து வயதிலேயே என் தங்கைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊரே கூடி மருந்து சொன்னது. ஆம்பளைப் பையன் அப்படித்தான், வல்லாரை கொடு, கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எடுத்து வா. எல்லாம் ஆயிற்று. பிறகு ஒருவர், சர்டிபிகேட்டுக்கு எட்டு வயது ஆக வேண்டும், அதுவரை பொறுங்கள் என்றார். சான்றிதழுக்கு எட்டு வயது என்று விதி இருப்பது வாஸ்தவம். அதில் நியாயமும் உண்டு, சில பிள்ளைகள் தாமதமாகப் பூத்துவிடும். ஆனால் நம் ஆட்கள் அதைச் சொல்லிக்கொடுப்பதற்கே எட்டு வயது என்று மாற்றிக்கொண்டார்கள். பசிக்கிறது என்று நிரூபிக்க எட்டு வயது, அதற்குப் பிறகு சோறு. அதுவரை இம்போசிஷன். ‘கொக்கு’ நூறு தடவை.

நூறு தடவை எழுதினான். நூறிலும் தப்பு. ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கு அவன் சொன்னது இது: “மாமா, கொம்பு முன்னாடி நிக்குது, சத்தம் பின்னாடி வருது. அப்புறம் கால் வேற.” இந்த மொழியை நாற்பது வருஷமாக எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கு இது உறைத்ததே இல்லை. இடமிருந்து வலமாகப் படி என்கிறோம். ‘கொ’ வந்தால் முதலில் நிற்கும் கொம்பை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் எழுத்தைப் பிடித்து, கடைசியில் இருக்கும் காலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை இதைக் கண்டு சொல்கிறான். அவனுக்கு மக்கு என்று பெயர்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ‘மிட் பிரெயின் ஆக்டிவேஷன்’ என்று ஊர் ஊராக ஒரு வியாபாரம் நடந்தது, நினைவிருக்கிறதா? கண்ணைக் கட்டிவிட்டால் பிள்ளை படிக்குமாம். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்த்துத்தான் படித்தன. பகுத்தறிவுக்காரர்கள் மேடையேறி உடைத்துக் காட்டியும் ஆயிரக்கணக்கில் கட்டக் கியூ நின்றது. கண்ணைத் திறந்துகொண்டு படிக்க முடியாத பிள்ளைக்கு ஒரு டீச்சர் போடச் சொன்னால் மட்டும் பட்ஜெட் இடிக்கிறது. அரசுப் பள்ளிகளுக்குச் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தொகுப்பூதியத்தில். ஒரே ஆள் பல பள்ளிகளுக்கு ஓட வேண்டும். பாதிப் பாடம் பஸ்ஸில் நடக்கும்.

அளவுகோலைச் சொல்லாமல் விட்டேனே. மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் 2021இல் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்கு அறுபது சொல்லாவது படிக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. எந்த மொழிச் சொல் என்று கேட்டுவிடாதீர்கள். இங்கிலீஷில் ‘ஏ’ ஒரு சொல். தமிழில் ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பதும் ஒரு சொல்தான்.

கடைசியில் ஒரு சிறப்பாசிரியை கிடைத்தார், பக்கத்துத் தெருவிலேயே. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, சத்தம் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைத்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கிழவர்கள் மணலில் செய்ததுதான். நாளுக்கு ஒரு எழுத்து, சில நாள் அதுவும் இல்லை. அவரிடம் ஒரு நோட்டு உண்டு. ஜூலையில்: ‘ல, ள இன்னும் குழப்பம்.’ செப்டம்பரில்: ‘பல், பால் வித்தியாசத்தை அவனே சொன்னான்.’ டிசம்பரில்: ‘கொம்பு பிடிபட்டது. அரை நாள் கழித்து மறந்தான். மறுபடி பிடித்தான்.’ பள்ளிக்கூடம் தந்த புரோகிரஸ் கார்டில் அதே மாதங்களுக்கு டி, டி, டி.

பொங்கலுக்கு முந்தின வாரம். அடுக்களை மேடையில் ஆவின் நீலப் பாக்கெட். இவன் அதுவரை நிறத்தைப் பார்த்துத்தான் பால் வாங்கி வருவான். அன்று அதைக் கையில் எடுத்தான். ஈரத்தைச் சட்டையில் துடைத்தான். “ச… ம… சம… ன்… சமன்…” விரல் பிளாஸ்டிக்கில் வழுக்கியது. “படு…த்…தப்…” என் தங்கை மூச்சு விடவில்லை. “பட்ட. சமன்படுத்தப்பட்ட. பால்.” ஒரு நிமிடம் ஆனது. இரண்டு சொல்.

பாலைக் காய்ச்சிவிட்டுக் கவரைக் கழுவி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளே பள்ளிக்கூடம் போனேன். வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். தலைமையாசிரியை அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ரொம்ப சந்தோஷம் சார். ஆனா இது போர்ஷன்ல இல்லையே.”