அடுத்த வண்டி

சென்னையில் மீட்டர்கேஜ் எலக்ட்ரிக் ரயில் ஓடிய காலத்தில், பல்லாவரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவன் நான். 1998-ல் ஒரு மாலை நாற்பது நிமிடம் வண்டியே இல்லை. பிளாட்பாரம் கொள்ளாமல் படிக்கட்டு வரை ஆட்கள். வண்டி வந்ததும் எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்தோம். என் வலது கால் வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இறங்கிவிட்டது. பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்திருந்தது.

"ஏன் தம்பி, அடுத்த வண்டி வராமலா போயிடும்?" என்றார்.

வராத வண்டியை நம்பச் சொல்கிறாரே என்று கோபம் வந்தது. அவர் என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார் என்பது வீட்டில் காலைக் கழுவும்போதுதான் உறைத்தது.

2004-ல் மீட்டர்கேஜ் ஓய்ந்து அகலப்பாதை வண்டிகள் மட்டும் ஓடத் தொடங்கின. பெட்டி அகலமானது, வாசலில் தொங்குகிறவர்கள் குறையவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வரவேண்டிய வண்டிகளில் இரண்டு வராவிட்டால், மூன்று வண்டிக் கூட்டம் ஒன்றில் ஏறுகிறது. இடம் கிடைக்காதவர்களுக்கு மிச்சம் வாசல்தான். அவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை.

2018 ஜூலை 24 காலை, மின்கம்பிக் கோளாறால் மின்சார ரயில்கள் தடைபட்டன. பீச்சிலிருந்து திருமால்பூர் போன வண்டி விரைவுப் பாதையில் விடப்பட்டது. பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்புச் சுவர் இருந்தது. வழக்கமான பாதையில் போகிறவர்களுக்கு அது தள்ளி நிற்கும் சுவர். அன்று தொங்கியபடி போனவர்களின் முதுகுப் பையை எட்டும் தூரத்தில் இருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். வேலைக்குப் புறப்பட்டவர்கள் மேல் ஒரு சுவர் மோதுவதை இன்றும் என் மனம் ஏற்கவில்லை.

2025 ஏப்ரலில் தானாகக் கதவு மூடும் ஏ.சி. மின்சார ரயில் வந்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் கட்டணம் அதிகம், நடைகள் குறைவு. மற்ற வண்டிகளின் வாசல் திறந்தேதான் கிடக்கிறது.

மகன் கிண்டியில் வேலை பார்க்கிறான். நேற்று மாலை போன் செய்தான்.

"வண்டி லேட்டுப்பா. இப்பதான் ஏறினேன்."

"உள்ள இருக்கியா, வாசல்லயா?"

"உள்ளதான்பா."

போனில் காற்று இரைந்துகொண்டிருந்தது.