எந்த பொடுகு? மொட்டை மாடி மிளகாயின் நீளத் தேய்வு குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

சித்தூரில் தமிழ் பேசும் வீட்டில் மிளகாய் வளர்ப்பவர் முதலில் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். எங்கள் மொட்டை மாடிக்குத் துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டு அக்கா, தொட்டியில் தொங்கிய காயைப் பார்த்து, "எந்த பொடுகு!" என்று வாயைப் பிளந்தார். தெலுங்கில் அதற்கு ‘எவ்வளவு நீளம்!’ என்று பொருள். வேலூரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவோ சட்டென்று தோள்பட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். இந்த ஆய்வில் பொடுகு என வருமிடமெல்லாம் நீளத்தையே குறிக்கும். தலைமுடி தொடர்பாக வந்தவர்கள் வேறு ஆய்வுகளைப் பார்க்கவும்.

ஆய்வுப் பொருள் பஜ்ஜி மிளகாய். மூலக்காய் திருப்பதியில் அத்தை வீட்டுக் கொல்லையில் பழுத்தது. காம்பு நீங்கலாக 19 செ.மீ. அதன் விதை சித்தூரில் முளைத்துக் காய்த்தபோது 18. அந்தக் காயின் விதையில் வந்தது 13. அடுத்த ஆண்டு 9. இந்தக் கோட்டை இப்படியே நீட்டினால் இன்னும் இரண்டு வருடத்தில் மிளகாய் மிளகாகிவிடும் என்பது இவ்வாய்வாளரின் முதல் முடிவு.

அப்படி ஆனாலும் அது இலக்கணப்படி நியாயம்தான். மிளகு போலக் காரமாக இருந்த காயை மிளகாய் என்றோம். தெலுங்கிலும் மிரியம் ஏற்கெனவே குடியிருந்த வீட்டில்தான் மிரபகாய வந்து ஒட்டிக்கொண்டது. மிளகைத் தேடிக் கிளம்பி வேறு கண்டத்தில் இறங்கிய கொலம்பஸ், 1493இல் ஸ்பெயின் திரும்பியபோது இதுவும் ஒரு மிளகுதான் என்று ஊரை நம்பவைத்தார். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலேறி அது நம் கரைக்கு வந்தது. சிராத்தச் சமையலுக்கு மட்டும் இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. அங்கே இன்றும் மிளகுதான், மிளகாய்க்கு இலையில் இடமில்லை. வேர்ச்சொல்லுக்கு விசுவாசமாக இருக்கும் மிளகாய் என்றால் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டுதான். உருட்டிவிட்டால் ஓடும். எதிர்முகாமில் மெல்லிய குண்டூர் சன்னமும், 12 முதல் 15 செ.மீ. வரை நீண்டு சுருங்கிக் கிடக்கும் கர்நாடகத்துப் பேடகியும் நிற்கின்றன. நீளவாதிகள், குண்டுவாதிகள் என்ற இந்தப் பிளவு பின்னால் இவ்வாய்வுக்குள் எப்படி நுழைந்தது என்பதைப் பார்க்கத்தான் போகிறோம்.

அளவீடு பற்றி ஒரு சொல். அக்கா சாணால் அளப்பார். அவர் சாண் சிறியது என்பதால் எங்கள் காய் அவருக்கு எப்போதும் பெரியது. சித்தப்பா ஸ்கேலை வைப்பார். ஆனால் மிளகாய் நேராகத் தொங்குவதென்று யாருக்கும் சத்தியம் செய்து தரவில்லை. கொக்கி போல வளைந்த காயில் நுனிக்கும் காம்புக்கும் நேர்க்கோடு போட்டால் 14 செ.மீ.; வெளிவளைவில் நூல் பிடித்தால் 18. சுருக்கங்களுக்குள்ளும் நூலை விட்டு அளந்தால் என்ன ஆகும்? பிரிட்டன் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்று 1967இல் கேட்ட கணிதவியலாளர் மாண்டல்பிராட், அளவுகோல் சிறுக்கச் சிறுக்கக் கரை நீண்டுகொண்டே போகும் என்றார். அவர் பேடகி மிளகாயை அளந்திருந்தால் அதே முடிவுக்குச் செலவில்லாமல் வந்திருக்கலாம். இவ்வாய்வில் வெளிவளைவு நூல் முறையே பின்பற்றப்பட்டது. காரணம், அதில்தான் எண் பெரிதாக வருகிறது.

இனி தேய்வுக்கான காரணங்கள். சித்தப்பாவின் கொள்கை தண்ணீர்: "அது திருப்பதித் தண்ணிடா. இங்க போர்த் தண்ணியில எது நீளும்?" அம்மாவின் கொள்கை கண்: "வர்றவங்க எல்லாம் ஸ்கேல வச்சு அளந்தா செடி என்ன ஆகும்?" இரண்டையும் மறுக்க இவ்வாய்வாளரிடம் ஆதாரம் இல்லை. ஆனால் மூன்றாவது ஒன்று இருந்தது. அது கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், 11 அடி தூரத்தில், ஒரு பெயின்ட் டப்பாவில் வளர்ந்துகொண்டிருந்தது.

பின்வீட்டு மருமகள் பரமக்குடிப் பெண். வந்த புதிதில் ஊரிலிருந்து முண்டு மிளகாய் வற்றலைக் கொண்டுவந்து, அதன் விதையைத் தூவி, செடியாக்கி, கவனிக்காமலே காய்க்க வைத்திருந்தார். மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் அது தன் மகரந்தத்தைக் கொண்டே காய் பிடித்துவிடும். தேனீ வேறு வீட்டுத் தூளைக் கொண்டுவந்தாலும் மறுக்கிற பழக்கம் அதற்கு இல்லை. சான்று விதைக்கு வளர்க்கும் மிளகாய் வயலுக்கும் வேறு ரக மிளகாய்க்கும் இடையே 200 மீட்டர் விலகல் வேண்டும், ஆதார விதைக்கு 400 என்று விதைச் சான்று விதிகள் சொல்கின்றன. 11 அடிக்கு எந்தச் சான்றும் கிடைக்காது.

இந்த ஊரில் விலகல் தூரம் என்ற பேச்சே கொஞ்சம் நகைப்புக்குரியது. 1911இல் வடஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டுகளை எடுத்து ஒட்டிச் சித்தூர் மாவட்டம் செய்தார்கள். 1953இல் அது ஆந்திரத்தோடு போனது. பிறகு எல்லைத் தகராறைத் தீர்க்கப் படாஸ்கர் வந்து கிராமத்தை அலகாக வைத்து, யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்று எண்ணிக் கோடு போட, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. நாங்கள் இந்தப் பக்கமே நின்றோம். 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்ததில், அத்தை வீட்டு விதை எங்களுக்கு மாவட்டம் கடந்து வரும் பொருளாகிவிட்டது. தேனீக்கு இதில் எதையும் யாரும் தெரிவிக்கவில்லை. அது ராயலசீமைக்கும் ராமநாதபுரத்துக்கும் காலை 8 மணிக்குள் நாலு நடை போய் வந்துவிடுகிறது.

கலப்பு உடனே தெரிவதில்லை என்பதுதான் விஷயம். தேனீ எந்தத் தூளைக் கொண்டுவந்தாலும் இந்த ஆண்டுக் காயின் தோலும் சதையும் தாய்ச்செடியுடையவை. நீளம் குறையாது, காரம் ஏறாது. மாற்றாந்தூள் விதைக்குள் ஒளிந்திருந்து அடுத்த ஆண்டுதான் முகம் காட்டும். ஆகவே 18 செ.மீ. காயைத் தடவிக்கொடுத்து, அதன் விதையைச் சாம்பலில் புரட்டி, டப்பாவில் போட்டு, ‘அசல் திருப்பதி’ என்று சீட்டு ஒட்டியபோதே இவ்வாய்வாளர் ஏமாந்துவிட்டார்.

ஏமாற்றம் ஒரு மழை நாள் சாயங்காலம் வெளியானது. 13 செ.மீ. காய்களைக் கீறி, புளி தடவி, கடலை மாவில் தோய்த்து அம்மா பஜ்ஜி போட்டார். 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, காரம் தெரியாமல் போகும்வரை நீர்த்துக்கொண்டே போய், சுவைஞர் குழுவைக் கொண்டு காரத்தை அளந்தார். எங்கள் குழுவில் சித்தப்பா மட்டும். சர்க்கரைத் தண்ணீரைக் குழுவே கேட்டு வாங்கிக் குடித்தது. வெப்பத்தை உணரும் நரம்பு வாயிலையே காரம் தட்டித் திறக்கிறது என்று 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சித்தப்பா அதைக் கண்டறிந்த வேகத்துக்கு ஒரு டவல்தான் கொடுக்க முடிந்தது. காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில்தான் ஊறுகிறது என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

எனவே நான்காம் ஆண்டு புதிதாகத் தொடங்கினேன். (இதுவரை இவ்வாய்வாளர் என்று எழுதியது நான்தான்.) அத்தையிடம் மறுபடி விதை கேட்டேன். முதலில் அவர் தந்தது பச்சைக் காய். முற்றாத காயின் விதை சரியாக முளைக்காது. "பண்டு மிரபகாய தர்றேன்னா பச்சடிக்கு என்ன பண்றதுடா?" என்று அலுத்துக்கொண்டு, ஊறுகாய்ப் பங்கிலிருந்து ஒரே ஒரு பழத்தைக் கொடுத்தார். நாற்று விட்டேன். 40ஆம் நாள் தொட்டிக்கு மாற்றினேன். மொட்டு விரிவதற்கு முந்தின மாலையே, அம்மாவின் பழைய வாயில் புடவைத் துண்டில் சிறு பை தைத்து, மொட்டுக்கு மாட்டி, காலையில் கிளையை மெல்ல ஆட்டிவிட்டேன். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். அது 20 செ.மீ. வந்தது, வெளிவளைவில். பழுத்ததும் பறித்து, நூலோடு சமையலறை ஆணியில் காயத் தொங்கவிட்டேன்.

அதற்குள் செடியின் இலைகள் மேல்நோக்கிச் சுருளத் தொடங்கின. அக்கா பார்த்துவிட்டு, "நல்ல தாமர புருகு" என்றார். நல்ல தாமரை என்றதும் அம்மா முகம் மலர்ந்தது. தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கறுப்பு. அது 2021இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களை அழித்த இலைப்பேனின் பெயர் என்று நான் விளக்கியதும் அம்மா தீர்மானத்துக்கு வந்துவிட்டார். நான் வேப்பெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது மாடியில் கொட்டாங்குச்சித் தணல். கல் உப்பும் மிளகாயும் கையில் வைத்து அம்மா செடியை மூன்று சுற்று சுற்றி முடித்திருந்தார். மிளகாய்க் காம்பில் சிவப்பு நூல்.

"அம்மா, அது விதைக்கு வச்சது!"

"காரமே இல்லாத மிளகாய்டா அது. குழம்புக்கு ஆகாதது இதுக்காவது ஆகட்டும்" என்று தணலில் போட்டார்.

கண் பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகிச் சுருண்டது. அம்மா, அக்கா, நான் மூவரும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

"பாத்தியா, எவ்ளோ கண்ணு!" என்றார் அம்மா.