திறப்பு யாரிடம்?

2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் எந்த நேரம் திறபட்டன என்று கிளிநொச்சியில் வாதாடாத தேநீர்க்கடை இல்லை. நிகழ்நேர இயங்குதளம் என்றால் என்னவென்று வன்னிக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அதன் சாரம் வேகம் அல்ல, தவணை தப்பாமை. பிந்தி வந்த சரியான விடையும் பிழையான விடைதான்.

மோட்டார்க் கதவொன்றின் கட்டுப்பாட்டு மென்பொருளை அத்தகைய தளத்துக்கு மாற்றுபவர் இடறும் குழி, 'முன்னுரிமைத் தலைகீழ்'. 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலமே அதில் விழுந்தது. வானிலை பார்க்கும் சின்ன வேலை பூட்டைப் பிடித்திருக்க, நடுத்தர வேலைகள் குறுக்கே புக, தலையாய வேலை காத்துக் கிடந்தது. காவல் கடிகாரம் பொறுமையிழந்து கணினியைத் திரும்பத் திரும்ப மீளத் தொடக்கியது.

கந்தோர்க் கதைதான். அலுமாரித் திறப்பு பியோனிடம். பியோனை மறித்து நாலு பேர் கதைக்கிறார்கள். பணிப்பாளர் அலுமாரியடியில் கைகட்டி நிற்கிறார். தீர்வு? திறப்பு கையில் இருக்கும்வரை பியோனுக்கும் பணிப்பாளரின் தரம். நாசா பூமியிலிருந்து திருத்தம் அனுப்பி அதைத்தான் செய்தது. செவ்வாய்வரை போன சுற்றறிக்கை கந்தோர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தையும் நிகழ்நேரத்துக்கு ஏற்றதாக்கும் திருத்தம் அதன் மூலநிரலுக்குள் முழுதாக நுழைய ஏறக்குறைய 20 ஆண்டு பிடித்தது; 2024இல், 6.12 பதிப்பில் வந்தது. சிரிக்க வேண்டாம். 1990இல் நின்ற ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பியது 2013 செப்டெம்பரில். லினக்ஸ் கொஞ்சம் முந்திவிட்டது.